வெட்டு மேசைக்குக் கீழே ஓர் இடம்

சித்தியைக் கழுத்தில் அளவு டேப் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடும்போதும் டேப் இருக்கும், பேருந்தில் போகும்போதும் இருக்கும். உறவுக்காரர் கல்யாணத்தில் குடும்பமாக நின்று எடுத்த புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. மற்ற பெண்களெல்லாம் சங்கிலி தெரிய நிற்கிறார்கள். சித்தியின் கழுத்தில் பச்சை டேப் தொங்குகிறது. படம் எடுத்தவர் உட்பட யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அந்த டேப் கழுத்தை விட்டு இறங்குவது ஒரே காரியத்துக்காகத்தான். பள்ளிக்கூடம் திறக்கப்போகும் சீசனில், கடைக்குள் ஆள் நிற்க இடமில்லாமல் தவிக்கும் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைச் சித்தி நிறுத்துவாள். எழுந்து டேப்பைக் கழற்றி, ட்ரையல் ரூமுக்கு வெளியே இருக்கும் ஆணியில் மாட்டுவாள். உள்ளே போய்த் திரையை இழுத்துக்கொள்வாள்.

சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வருகிறேன். ஒருமுறை கேட்டும்விட்டேன்.

"டேப்பை மட்டும் ஏன் சித்தி கழட்டிட்டுப் போறே?"

"உள்ள இருக்கிறவரை அளவெடுக்கவா போறேன்?"

உள்ளே இருப்பவர் கடவுள். சித்தி அதை மறைத்ததும் இல்லை, பெரிதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. 'கொஞ்சம் அவரோட உட்கார்ந்துட்டு வர்றேன்' என்பாள், பக்கத்துக் கடைக்கு நூல்கண்டு வாங்கப் போகிறவள் மாதிரி. உள்ளே இருப்பது ஒரு ஸ்டூல், துணி மாட்டும் கொக்கிகள், ஆளுயரக் கண்ணாடி. போனதும் முதல் வேலையாகக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். "அவரைப் பாக்கப் போயிட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு வரவா?" என்பது அதற்கான விளக்கம்.

வெளியே காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மூடிய திரையைப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ ரொம்ப நேரமா போட்டுப் பாக்கறாங்க" என்பார் ஒருவர். "பொருந்தலையோ என்னவோ, பாவம்" என்பார் இன்னொருவர். அப்புறம் திரை விலகும். போன உடையிலேயே சித்தி வெளியே வருவாள். வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து யாரோ காதில் எதையோ சொல்லிவிட, சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கும் பிள்ளையின் முகம் அப்போது அவளுக்கு. அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் சித்தி கேட்டுக்கொள்வாள். உதட்டோரம் துடித்துக்கொண்டே இருக்கும். கத்துகிறவருக்கே சந்தேகம் வந்து தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

சீசன் இல்லாத மாதங்களில் அவள் உள்ளே போவதே இல்லை. அதையும் கேட்டிருக்கிறேன்.

"மத்த நாள்ல கடையே காத்தாடுது. அவரும் நானும் மெஷின்லயே பேசிக்கறோம். அதுக்கு எதுக்கு உள்ள வேற போகணும்? தலைக்கு மேல வேலை இருக்கும்போதுதான்டி ஒளிஞ்சுக்கணும். அப்பத்தான் அவர் தேடி வர்றது தெரியும்."

இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சித்தி சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிது, முதல் சீசன். பாவாடை மடிப்பு ஒன்றுபோல் இல்லை என்று ஒரு அம்மா கடை நிறைந்த கூட்டத்துக்கு நடுவே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அழுவதற்கு வேறு இடமில்லாமல் சித்தி ட்ரையல் ரூமுக்குள் ஓடினாள்.

"அழத்தான்டி போனேன். ஸ்டூல்ல உட்காரலாம்னு பாத்தா, அங்க ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. சரி, மூத்தவரா இருப்பார்னு நான் தரையில உட்கார்ந்தேன். அழுகை வரலை. சிரிப்பு வந்துடுச்சு."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? களைத்த உடம்பு உட்கார்ந்தால் மூச்சு சீராகும், மூச்சு சீரானால் மனம் இலேசாகும் என்று விளக்கினேன். அதற்கு ஒரு பெயரும் சொன்னேன்.

"நல்ல பேருதான்" என்றாள் சித்தி. "வச்சுக்கோ."

பெயரை வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. படிப்பு முடிந்து, வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை சித்தி கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டமில்லாத ஒரு மதியம் யாருக்கும் தெரியாமல் நானும் ட்ரையல் ரூமுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சரியாக எழுதினேனா என்று யோசனை வந்தது. கண்ணாடியைத் திருப்ப மறந்திருந்ததால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். கடவுளை நம்புகிறேனா என்று யாராவது கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாது. இன்றைக்கும் சட்டென்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் சித்தி திரை விலக்கி வரும்போது அந்த முகத்தைப் பார்க்கக் கையிலிருக்கும் ஊசியை நிறுத்திவிடுவேன். அது மட்டும் உறுதி.

அந்த வருடம்தான் சித்தப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் மொத்த ஆர்டர் கிடைத்தது. பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் முன்பக்கம் பொத்தான் வைத்த ஓவர்கோட். சித்தப்பா கடையின் கட்டிங் மாஸ்டர். சித்தியே அவரை வீட்டிலும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். இப்படி ஓர் ஆர்டருக்காக அவர் காத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒரு மெஷின் கொண்டுவந்தார். அதில் உட்கார ஒரு டெய்லரையும் பிடித்துவந்தார். அந்த ஆளுக்கு வாய் ஓய்வதே இல்லை என்பதால் முதல் நாளே அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் விழுந்தது. மெஷினும் ஆளும் வந்தாயிற்று, இடம்தான் இல்லை. டீ நேரத்தில் சித்தப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"டெய்லரம்மா, ஒரு விஷயம்."

"நீங்க டெய்லரம்மான்னு கூப்பிட்டாலே ஏதோ பிடுங்கப் போறீங்கன்னு அர்த்தம், மாஸ்டர்."

"இந்த சீசனுக்கு மட்டும் அந்த ட்ரையல் ரூமை..."

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கடவுள் எங்கேயும் இருக்கார்னு நீதானே சொல்லுவே" என்றார் சித்தப்பா.

"அவர் எங்கேயும் இருப்பார். எனக்குத்தான் இடம் வேணும்."

ஆனாலும் சரி என்றாள். ஆர்டர் அவளுக்கும் ஆசைதான். அன்று மாலையே திரையைக் கழற்றி மடித்து அவளே அலமாரியில் வைத்தாள். ட்ரையல் ரூமுக்குள் ரேடியோ வந்து உட்கார்ந்தார்.

ஒரு வாரம் போவதற்குள் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. வேலை நன்றாகவே நடந்தது. தையலில் ஒரு குறையும் இல்லை. சிரிப்புதான் காணாமல் போயிருந்தது. டேப் கழுத்திலேயே கிடந்தது. கத்துகிற வாடிக்கையாளர்களிடம் சித்தி அளந்து பதில் சொன்னாள். அவர்களும் தைரியமாகக் கத்தினார்கள். ஒருநாள் பொத்தான் டப்பாவைத் தட்டிவிட்டதற்காக என்னைப் பார்த்து, "கண்ணு எங்க இருக்கு?" என்றாள். என் வாழ்நாளில் சித்தி என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் கடையைப் பெருக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"வேலை பாட்டுக்கு நடக்குதுடி. நான்தான் எங்கேயோ நின்னுட்டேன். பயமா இருக்கு."

"எதுக்கு சித்தி பயம்?"

"இப்படியே பழகிட்டா? அவர் இல்லாமலேயும் வண்டி ஓடுதேன்னு நானே நம்பிட்டா?"

அதன் பிறகு அவள் இடம் தேடத் தொடங்கினாள். வீட்டுக் குளியலறையில் முயன்றாள். அவள் கதவைச் சாத்திய மறுகணம் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அவசரம் வந்தது. பேருந்தில் கடைசி இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் அவளைத் தெரிந்தவள். "அக்கா, தூங்கறீங்களா? இந்த அக்குள் இழுக்குது பாருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். இறங்கும் இடம்வரை சித்தி அக்குளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த கடை மெத்தைக் கடை. அந்த மெத்தைக்காரர் நல்ல மனிதர். "பின்னாடி அடுக்குக்கு நடுவுல வந்து உட்காருங்க, ஒரு சத்தம் கேக்காது" என்றார். சத்தம் கேட்கவில்லை என்பது உண்மைதான். சித்தி உட்கார்ந்தாள், சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். மெத்தை வாங்க வந்த ஒருவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்து சித்தியின் தோளையும் அமுக்கிவிட்டார். சித்தி அலற, அவர் அலற, மெத்தைக்காரர் ஓடிவந்து, "ஐயா, அது விற்பனைக்கு இல்லீங்க" என்றாராம். கடை முழுக்க அன்று இதே பேச்சு. சித்தியும் சிரித்தாள். ஆனால் அது நாங்கள் சிரித்த அதே சிரிப்பு. பழைய சிரிப்பு வேறு வகை.

ரேடியோவுக்கு விஷயம் யார் மூலமாகவோ போய்ச்சேர்ந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"அக்கா, நான் உட்கார்ந்திருக்கிற இடம் யாரோடதுன்னு இப்பத்தான் சொன்னாங்க. முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு என் மச்சான் கதையெல்லாம் சத்தமா பேசிட்டு இருந்துட்டேன்."

"நீ தை தம்பி. அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருப்பார்."

"அப்ப கதையெல்லாம் கேட்டிருப்பாரே."

"கேட்டிருப்பார். மச்சானுக்குத்தான் ஆபத்து."

ஆர்டர் கொடுத்த பள்ளியின் தலைமையாசிரியை வேலையைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்த நாள் வந்தது. மதியம். சித்தப்பா லைனிங் துணி வாங்க வெளியே போயிருந்தார். சித்தி ஒரு பாக்கெட்டைத் தைத்து முடித்து நூலை அறுத்தாள். அப்புறம் மெஷினை நிறுத்தி எழுந்து நின்றாள். கை கழுத்துக்குப் போயிற்று. டேப்பைக் கழற்றினாள். நான் ஊசியை நிறுத்தினேன். ரேடியோ பேச்சை நிறுத்தினார். பழைய ஆணியில் ரேடியோவின் டிபன் பை தொங்கியதால் டேப்பை என் கழுத்தில் மாட்டிவிட்டு, குனிந்து, வெட்டு மேசைக்குக் கீழே புகுந்துகொண்டாள்.

எங்கள் கடையிலேயே பெரிய பொருள் அந்த மேசைதான். ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நீளும். கீழே வெட்டுத்துண்டு மூட்டைகள் கிடப்பது தெரியாமலிருக்கச் சுற்றிலும் தரைவரை துணி தொங்கவிட்டிருக்கும். சித்தி உள்ளே போனதும் மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சித்தப்பா திரும்பி வந்து, "டெய்லரம்மா எங்கே?" என்றார். நானும் ரேடியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பக்கத்துலதான் மாஸ்டர்" என்றார் ரேடியோ. அது பொய் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கோட்டுக்கு முன்பக்கம் இரண்டு துண்டு: இடது ஒன்று, வலது ஒன்று. நிறையத் தைக்கும்போது துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். சித்தப்பா மேசையின் ஒரு முனையில் நிற்பார், சித்தி மறுமுனையில். துணி இங்கிருந்து அங்கே போய் மடிந்து திரும்பி வரும். அப்படி விரித்தால் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்த்துக்கொள்ளும். வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக வரும். அந்தத் தடவை சித்தியை மெஷினை விட்டு எழுப்ப மனமில்லாமல் சித்தப்பா தனியாகவே விரித்துவிட்டார். ஒரு முனையிலிருந்து இழுப்பது, வெட்டுவது, மறுபடி அதே முனைக்கு வந்து இழுப்பது. வேகமாக முடிந்தது என்று அவருக்கு ஒரே பெருமை. சின்ன வகுப்புகளுக்கான முன்பக்கம் முழுவதையும் அப்படியே வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்துவிட்டார். முதுகும் பாக்கெட்டும் தைக்கிறவரை அந்தக் கட்டுகளை யாரும் பிரிக்கவில்லை.

அன்று ரேடியோ பிரித்தார்.

"மாஸ்டர், வலது எங்க?"

"கட்டுலயே இருக்கும், பாரு."

"கட்டுல இடதுதான் இருக்கு."

"மேல இடது இருந்தா கீழ வலது இருக்கும்பா."

"கீழயும் இடது."

"அப்ப அடுத்த கட்டுல."

அடுத்த கட்டைப் பிரித்தார். "இடது." அதற்கடுத்ததைப் பிரித்தார். "இடது." சித்தப்பாவே வந்து ஒரு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அந்தத் துணி ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் மங்கல். திருப்பிப் போட்டு ஏமாற்ற வழியில்லை.

"மாஸ்டர்" என்றார் ரேடியோ மிகவும் மரியாதையாக, "அந்த ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வலது பக்கம்னு ஒண்ணு உண்டுதானே?"

சித்தப்பா கையிலிருந்த துண்டைக் கீழே போட்டார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அப்போது மேசை நடுங்க ஆரம்பித்தது. மேலே இருந்த பெரிய கத்தரி மெல்ல நகர்ந்தது. சாக்பீஸ் உருண்டு விழுந்தது. சித்தப்பாவின் முகம் வெளுத்தது.

"எனக்குத் தலை சுத்துதுப்பா" என்றார்.

தலைமையாசிரியை உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். மடிப்புக் கலையாத உடை, கையில் கனமான பை, மூக்குக் கண்ணாடி. பள்ளிச் சேர்க்கை நடக்கும் காலம் என்பதால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வேலை எப்படிப் போகுது மாஸ்டர்?"

"நல்லபடியா போகுது டீச்சர். எல்லாம் நல்லபடியா."

"முடிஞ்சது ஒண்ணு காட்டுங்களேன்."

சித்தப்பா ஒரு முதுகுத் துண்டை விரித்து, அதன்மேல் ஓர் இடது முன்பக்கத்தை அழகாக வைத்துத் தடவிவிட்டார்.

"இன்னொரு பக்கம்?"

"அது... பட்டன் வைக்கப் போயிருக்குது டீச்சர்" என்று என்னைப் பார்த்தார்.

டீச்சரும் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட ஓர் இடது பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். மங்கல் பக்கம். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருத்தி நிமிர்ந்து நின்று இடதை வலது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

மேசைக்குக் கீழேயிருந்து, அடைத்துக்கொண்ட குழாய் வெடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

டீச்சர் குனிந்து துணியைத் தூக்கினார்.

"யாரது?"

"நாந்தான் டீச்சர்." சித்தியின் குரல் சிரிப்பில் தடுக்கித் தடுக்கி வந்தது.

"அங்க என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் கடவுளோட உட்கார்ந்திருக்கேன்."

கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆர்டர் போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. டீச்சர் குனிந்தபடியே இருந்தார், நெடுநேரம். பிறகு நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். பையை ரேடியோவின் கையில் கொடுத்தார்.

"இன்னொருத்தருக்கு இடம் இருக்கா?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

"மூட்டையைத் தள்ளிட்டா தாராளமா இருக்கு டீச்சர்."

"என் ரூமுக்குக் கதவு இருக்கு. அதைத் தள்ளிட்டு வர்றதுக்குன்னே ஊரே கிளம்பி வருது" என்று சொல்லிக்கொண்டே தலைமையாசிரியை மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, மேசைக்குக் கீழே போய்விட்டார். தொங்கிய துணி அசைந்து நின்றது.

நாங்கள் மூவரும் மேலே நின்றோம். ரேடியோ கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "பட்டதாரி, உங்க படிப்புல இதுக்கு ஏதாவது பேரு இருக்கா?"

"இல்லண்ணே" என்றேன்.

கீழே டீச்சரின் குரல் மெதுவாகக் கேட்டது. "ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம் டீச்சர். கேக்கறதையெல்லாம் நான் பஸ்லயே கேட்டு முடிச்சுடுவேன். இங்க சும்மா உட்கார்றதுதான்."

"தூங்கிட்டா?"

"மெத்தைக் கடை அளவுக்கு வசதி இல்ல. தூக்கம் வராது."

அதன்பின் பேச்சில்லை. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்க்க, ரேடியோ உதட்டில் விரல் வைத்து அவரை அப்படியே திருப்பி அனுப்பினார். ரேடியோ வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவின் கை மட்டும் அந்த ஒற்றை இடதுபக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

முதலில் சித்தி சிரித்தாள். அது பழைய சிரிப்பு, எனக்குத் தெரியாதா? மூக்கில் தொடங்கி, அடக்கப்பட்டு, தோற்றுப்போய் வெளியே வருவது. அடுத்தது டீச்சருடையது. பல நாள் திறக்காத குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் இருமலுமாக வந்து பிறகு தண்ணீர் கொட்டுமே, அது மாதிரி. மேசை குலுங்கியது. கத்தரியை நான் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. அவரும் மண்டியிட்டு, துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார்.

"டீச்சர், நான் சொன்னது பொய். எல்லாத்தையும் இடதா வெட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சின்ன கிளாஸ் எல்லாத்தையும்."

 அப்புறம் கீழே இருந்த இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் மெத்தைக்காரர் தன் கடையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

வியாபாரப் பேச்சு முழுவதும் மேசைக்குக் கீழேயே நடந்தது. சித்தப்பாவின் தலை உள்ளே, உடம்பு வெளியே. பெரிய வகுப்புகளுக்கென்று வைத்திருந்த துணியில் இப்போது வலது பக்கம் மட்டும் வெட்டிச் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் முடித்துவிடுவது. புதுத் துணி வரும்வரை பெரிய பெண்கள் கோட்டில்லாமல் வருவார்கள். "அதுங்களுக்குக் கொண்டாட்டம்தான்" என்றார் டீச்சர். மிச்சமாகும் இடது பக்கங்கள் அடுத்த வருடத்துக்கு. இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகளுக்கு இடது பாதி தயாராக இருக்கும் கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டீச்சர் வெளியே வந்தபோது அவர் தலையெல்லாம் நூல்துண்டு, முழங்கையில் சாக்பீஸ். எதையும் தட்டிவிடாமல் ரேடியோவிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"டெய்லரம்மா, ஒண்ணு கேக்கணும். நான் துணியைத் தூக்கறதுக்கு முன்னாடியே நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க. அந்த இடது பக்கத்துக்காகவா?"

"அது பாதிதான் டீச்சர்."

"மீதிப் பாதி?"

சித்தி சொல்ல வாயெடுத்தாள். கன்னம் உப்பியது. தலையை ஆட்டினாள். "இப்ப முடியாது. சீசன் முடியட்டும், கண்டிப்பா சொல்றேன்."

"வாக்குக் குடுத்திருக்கீங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை நாங்கள் போவதற்கு முன்பே சித்தப்பா கடையைத் திறந்திருந்தார். மூன்றாவது மெஷின் வாசல் கூரைக்குக் கீழே போயிருந்தது. ரேடியோ தெருவில் போகிறவர்களிடமெல்லாம் மச்சான் கதையைச் சொல்லிக்கொண்டு தைத்தார். ட்ரையல் ரூமில் திரையைச் சித்தப்பாவே மாட்டியிருந்தார், பூப்போட்ட நல்ல பக்கம் உள்ளே போகும்படி மாற்றி. ரேடியோ அதைச் சுட்டிக்காட்டி, "மாஸ்டர், நேத்து இடது, இன்னைக்கு உள்பக்கம்" என்றார். சித்தப்பா அதைத் திருப்பப் போனார். சித்தி விடவில்லை. டேப்பை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் வரும்வரை வெளியே காத்திருந்த ஒரு அம்மாவிடம், "உள்ள ஆள் இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சித்தப்பாவே சொன்னார். இப்போதெல்லாம் என்ன அவசரமானாலும் துணி விரிக்க மேசைக்கு இரண்டு முனையிலும் ஆள் நிற்கிறார்கள்.

அந்தச் சீசனில் நானும் ஒருநாள் மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. கால் மரத்தது. ஆனால் விண்ணப்பங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. சித்தி கூப்பிட்ட பிறகும் எழுந்து வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது மூச்சு சீரானதாலா, வேறெதனாலா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் மாறிக்கொண்டே இருக்கிறது.

சீசன் முடிந்ததும் டீச்சர் மறக்காமல் வந்தார். சித்தியும் அவரும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நிசப்தம். பிறகு இரண்டு சிரிப்பு. வெளியே வந்த டீச்சரிடம் ஓடினேன்.

"சொன்னாங்களா டீச்சர்?"

"எதை? அடடா" என்றார் டீச்சர். "கேக்க மறந்துட்டேன்மா."

அடுத்த வருடம் அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகித் தொலைவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து யார் இந்தப் பக்கம் வந்தாலும் அவர்களிடம் சொல்லி அனுப்புகிறார்: டெய்லரம்மா எனக்கு மீதிப் பாதி தரணும், மறந்துட வேண்டாம்னு சொல்லுங்க. சித்தி மறக்கவில்லை. "வாக்குக் குடுத்துட்டேன்டி, சொல்லித்தான் ஆகணும்" என்பாள். போன மாதம் நானே டீச்சருக்குப் போன் போட்டுச் சித்தி கையில் கொடுத்தேன்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க கேட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். "அதாவது, நான் கண்ணை மூடி உட்கார்ந்தேனா, அப்ப அவர்..."

அதற்குமேல் போக முடியவில்லை. மெஷின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். போனில் மறுமுனையிலும் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. எதைக் கேட்டு அவர் சிரிக்கிறார் என்று தெரியவில்லை, ஒன்றுமே சொல்லப்படவில்லை. கடைசியில் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சீசன்ல சொல்றேன் டீச்சர்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

"அவசரமில்லை" என்றார் டீச்சர் என்னிடம். "ஆனா பாக்கி பாக்கிதான். சொல்லிடு."

சொன்னேன். சித்தி தலையாட்டினாள். இன்னும் தரவில்லை.